நுரை வெளுப்பதில்லை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், அ.இ.அ.தி.மு.க. வெளியிட்ட தேர்தல் அறிக்கையில் குடும்பங்களுக்கு விலையில்லாச் சலவை இயந்திரம் வழங்கப்படும் என்றொரு வாக்குறுதி இடம்பெற்றிருந்தது. அக்கட்சி அந்தத் தேர்தலில் வெற்றி பெறவில்லை, இயந்திரமும் வரவில்லை. கட்சி அரசியல் நமது மலருக்கு உரியதன்று. ஆனால் அந்த வாக்குறுதியைக் கேட்டதும் ஒரு சிரிப்பு எழுந்ததே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்று முதலே எண்ணியிருந்தேன். அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும், "இனித் துணியை மடித்துப் பெட்டியிலும் வைத்துத் தருவார்கள்" என்று பேசிச் சிரித்தவர்களைக் கண்டேன். சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தம் வேட்டியைத் தாமே துவைத்து உடுத்தியவர் அல்லர். இது எனக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்கள் துவைப்பதைத்தான் நான் நாள்தோறும் சானல் கரையில் பார்த்து வளர்ந்தேனே! 2011-இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வந்தபோதும் இதே சிரிப்பு எழுந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று நம்மில் எத்தனை பேர் வீட்டில் அம்மி அரைக்கிறது?

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதே ஆய்வின் பொருள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அன்று ஒரு நாளில் 299 நிமிடங்களை அதற்குக் கொடுத்தாள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண் கொடுத்தது 97 நிமிடங்கள். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து மணி நேரத்தில் துவைப்புக்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று சொல்லுவேன்: காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை துணி. மறுநாள் திங்கட்கிழமை உள்தேர்வு இருந்தாலும் துணி.

ஆகவே சலவை இயந்திரம் ஆடம்பரம் என்ற பேச்சை நான் ஒப்பவில்லை. மாவு அரைப்பதைப் போல, தண்ணீர் இறைப்பதைப் போல, உடலை உருக்கும் வேலை அது. அதை இயந்திரத்திடம் ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த இயந்திரம், அதை எப்படி ஓட்டுவது என்பதில் நம் மக்களிடம் இரண்டு மயக்கங்கள் இருக்கின்றன. பொத்தான் அதிகமானால் நல்ல இயந்திரம் என்பது ஒன்று. நுரை அதிகமானால் நல்ல வெளுப்பு என்பது மற்றொன்று. முதலாவது பணத்தை மட்டுமே தின்னும். இரண்டாவது பணம், தண்ணீர், அம்மாக்களின் கைத்தோல், நம் ஆறு எல்லாவற்றையும் தின்னுகிறது. எனவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நுரை இல்லாமலே நம் நாட்டார் ஆயிரம் ஆண்டுகள் வெளுத்திருக்கிறார்கள். உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி, அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டு, அதாவது நமது ஆய்வகத்துச் சலவைச் சோடா. காரமும் வெப்பமும் சேர்ந்து எண்ணெய்ப் பசையை அறுக்கும்; நுரை எழும்பாது. அந்த நுட்பத்தை அறிந்திருந்தவர்களைச் சமூகம் எப்படி வைத்திருந்தது என்பது வேறு கதை. பிறப்பால் ஒரு தொழிலைச் சுமத்தி, அவர்கள் தொட்டு வெளுத்த துணியை உடுத்திக்கொண்டு, அவர்களைத் தொடக் கூடாது என்று சொன்ன ஊர்கள் இவை. வெள்ளாவியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

நமது மாவட்டத்தில் துணி ஒருபோதும் வெறும் துணியாக இருந்ததில்லை. மேலாடை அணியும் உரிமைக்காக நம் முன்னோரான பெண்கள் பல்லாண்டுகள் போராடி, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்தது. அதற்கும் முன்பே சாமிதோப்பின் அய்யா வைகுண்டர் தம் வழியினரைக் கடற்கரையில் குடியமர்த்தி, நாளும் நீராடி உடுத்தியதைத் துவைத்து உடுத்தும் நெறியைக் கொடுத்தார். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் நடந்த அதற்குத் 'துவையல் பந்தி' என்றே பெயர். எழுநூறு குடும்பங்கள் அதில் பங்கேற்றதாகச் சொல்வார்கள். அழுக்கானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் துவைத்த துணியோடு நிமிர்ந்து நின்றார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் எங்களைப் போன்றோருக்கு வெளுத்த உடை என்பது இன்றும் அந்தப் பொருளைத்தான் தருகிறது. வகுப்பில் பின்வரிசையில் அமர்வதா முன்வரிசையில் அமர்வதா என்பதை முதலாண்டு முதல் நாளில் பலருக்கு உடையே முடிவு செய்கிறது. இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதைக் கவனித்திருப்பீர்கள்.

நிற்க. நுரைக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? என் கருத்தில், அது ஒரு காலத்தில் நியாயமான மதிப்பே. பழைய பார்சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளோடு அது முதலில் சேர்ந்து தயிர்த் திரள்போல வீழ்படிவாகிவிடும். அந்த அயனிகள் தீர்ந்த பிறகே மிச்சமுள்ள சோப்பு நுரைக்கும், துணியையும் கவனிக்கும். எனவே சோப்புக் காலத்தில் நுரை ஓர் அடையாளம்: "போதுமான சோப்பு சேர்ந்துவிட்டது" என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் நீரின் கடினத்தன்மையை அளக்கவே சோப்புக் கரைசலைத்தான் பயன்படுத்தினார்கள். நிலைத்த நுரை வரும்வரை எத்தனை மில்லிலிட்டர் சோப்பு செலவாயிற்று என்று பார்ப்பார்கள். இன்று நாம் ஈ.டி.டி.ஏ. கொண்டு, ஒயின் சிவப்பு நீலமாவதைப் பார்த்து அளக்கிறோம். ஆக, நம் ஆச்சிமார் நுரையைப் பார்த்துச் சோப்பை நிறுத்தியது அறியாமை அன்று. அது ஒரு டைட்ரேஷன்.

ஆனால் சோப்பின் இடத்துக்குச் செயற்கைச் சலவைத்தூள் வந்தபோது இந்த அடையாளம் பொய்யாகிவிட்டது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தம் வீட்டில் செய்து விற்கத் தொடங்கிய நிர்மா, சர்ஃபின் விலையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு மலிவாக இருந்ததால், ஏழை வீடுகளுக்கும் தூளைக் கொண்டு சேர்த்தது. இத்தூள்களின் முக்கியச் சரக்கு, நேர்கொடி அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டு. அதற்கான மூலப்பொருளைச் சென்னை மணலியிலுள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் 1980-களிலிருந்து தயாரிக்கிறார்கள். இந்த மூலக்கூறு சோப்பைப்போலக் கடின நீரில் திரிந்து ஒதுங்குவதில்லை. அது எளிதில் நுரைக்கும். அழுக்கு நீங்கினாலும் நீங்காவிட்டாலும் நுரைக்கும்.

இரண்டாம் ஆண்டில் நாம் படிக்கும் பரப்பு வேதியியலை நினைத்துப் பாருங்கள். சலவைப்பொருளின் மூலக்கூறு, நீரின் மேற்பரப்பில் வரிசையாக நின்று பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ஒரு குறிப்பிட்ட செறிவு வரையில்தான் இந்தக் குறைவு. மேற்பரப்பு நிறைந்த பிறகு சேரும் மூலக்கூறுகள் நீருக்குள்ளேயே கொத்துக் கொத்தாகக் கூடி மிசெல்களாகின்றன. எண்ணெய் அழுக்கை விழுங்கிக்கொள்ள மிசெல்களும் வேண்டும்தான். ஆனால் துணியில் உள்ள அழுக்குக்கு ஓர் அளவு உண்டு அல்லவா? அதற்கு மேற்பட்ட தூள் வெறுமனே நீரில் நின்று, காற்றைப் பிடித்து, நுரையாக எழும்புகிறது. நுரை என்பது காற்று. அதைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம். காற்று எந்த அழுக்கையும் போக்கியதில்லை.

இதற்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை, தூள் விற்பவர்களே சாட்சி. முன்பக்கக் கதவு வைத்த விலையுயர்ந்த இயந்திரங்களுக்கென்று தனித்தூள் விற்கிறார்கள். அதில் நுரையைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தே விற்கிறார்கள். நுரைதான் வெளுக்கிறது என்றால் பணக்காரர் துணிக்கு ஏன் நுரையைக் குறைக்கிறார்கள்? வாளியில் துவைப்பவருக்கான விளம்பரத்தில் மட்டும் நுரை வாளியை மீறி வழிந்து கண்ணைக் கவர்கிறது.

நாஞ்சில் நாட்டில் இந்த மயக்கம் இன்னும் விலை கூடியது. பேச்சிப்பாறையிலிருந்து சானல் வழியே வருவது மலைத்தண்ணீர், மென்னீர். அதில் கைப்பிடித் தூளே பொங்கும். பொங்குவதைக் கண்டு மகிழ்ந்து இன்னொரு கைப்பிடி போடுவோம். கடற்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் துவைப்பவர்களுக்குக் கூடுதல் தூள் வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே போடும் அளவை இங்கே போடுவதில் நியாயமில்லை. அப்புறம் வாழைக்கறை! வாழைக்குலை வெட்டிச் சுமந்த சட்டையில் விழும் அந்தப் பழுப்புக் கறை எந்தத் தூளுக்கும் அசையாது; நார்த்துணியோடு பிணைந்துவிட்ட சாயம் அது. அதைப் போக்கவென்று எங்கள் ஊரில் கொட்டப்படும் தூளைக் கணக்கிட்டால் ஒரு கல்யாணச் செலவு ஆகும். கறை அப்படியே இருக்கும். சட்டைதான் சீக்கிரம் கிழியும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி எனக்கு வந்த மாதம் ஆயிரம் ரூபாயில் பேருந்து, நோட்டுப் புத்தகம் போகச் சேர்த்தது பாதி. அம்மா சுய உதவிக் குழுவில் எடுத்த கடன் பாதி. இவற்றைக் கொண்டு, இரட்டைத் தொட்டி வைத்த அரைத் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினோம். ஒரு தொட்டியில் துவைக்கும். துணியை நாமே எடுத்து மறு தொட்டியில் போட்டால் சுழற்றிப் பிழியும். இரண்டு மோட்டார்கள், இரண்டு திருகு கடிகாரங்கள், ஒரு வடிகுழாய். அவ்வளவுதான். கணினியும் இல்லை, தொடுதிரையும் இல்லை.

முதல் மாதம் அம்மா தூளைக் கையால் அள்ளிப் போட்டார். மூன்று கைப்பிடி. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 150 கிராம் வந்தது. துவைக்கும் தொட்டியில் நுரை மூடி வரை ஏறியது. நுரை மெத்தைபோல நடுவில் புகுந்துகொண்டால் துணி துணியோடு உரசாது. கீழே சுழலி சுற்ற, மேலே துணிகள் பஞ்சணையில் படுத்ததுபோல மிதந்துகொண்டிருக்கும். உரசாத துணியில் சேறு போகாது. பிறகு பிழியும் தொட்டி. அங்கேதான் உண்மையான தொல்லை. துளையிட்ட உள்கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் நுரை அடைந்துகொண்டால் கூடை வேகம் பிடிக்காது. மோட்டார் முனகும், சூடேறும். நீர் வடியாமல் துணி சொதசொதவென்றே இருக்கும். அதைத் திரும்ப அலச வேண்டும். துவைக்க நாங்கள் ஊற்றியது 12 லிட்டர் வாளியால் நான்கு வாளி. அலச ஊற்றியது பதினாறு வாளி. இயந்திரம் வந்த பிறகு தண்ணீர் சுமப்பது கூடியது என்றால் பாருங்கள்! பிப்ரவரி முடிவில் சானல் அடைபட்டால் ஜூன் வரை எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாய்தான். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். "மிஷினு வந்தா வேலை கொறையும்னு சொன்னாவ" என்று பக்கத்து வீட்டு மைனி கேலி செய்தார்.

நான் அளவை 40 கிராமாகக் குறைத்தேன். அம்மா ஒப்பவில்லை. "நொரையே வரல்லியே மக்கா, இது எங்க வெளுக்கப் போவுது?" என்றார். வாதம் செய்து அம்மாவை வென்ற பிள்ளை நாஞ்சில் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. எனவே வேறு வழி பார்த்தேன். துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருந்த துணிகளை, தூளே போடாமல், வெறுந்தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டினேன். நுரை வந்தது! விரல் கனத்துக்கு வெண்மையாக நின்றது. அது போன வாரத்துத் தூள்; அலசியும் போகாமல் துணியில் தங்கி, காய்ந்து, நம் முதுகிலும் கழுத்திலும் உரசிக்கொண்டிருந்த தூள். அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். "அப்பம் இத்தனை நாளும் சோப்பத்தான் உடுத்தியிருக்கோம்" என்றார். தங்கைக்குக் கழுத்தில் வரும் அரிப்பும் அதற்குப் பிறகு குறைந்தது. அதற்கு இதுவே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வைத்தியர் சொல்ல வேண்டியது. ஆனால் அம்மாவின் உள்ளங்கை வெடிப்பைப் பற்றிச் சொல்லலாம். மலிவான தூளில் பெரும்பங்கு சலவைச் சோடா. அலசிய நீரை ஒரு குப்பியில் எடுத்து வந்து, ஆசிரியர் அனுமதியுடன் ஆய்வகத்தில் ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விட்டேன். 150 கிராம் போட்ட நாளில் மூன்றாவது அலசல் நீர்கூட இளஞ்சிவப்பாக நின்றது. 40 கிராம் நாளில் இரண்டாவது அலசலிலேயே நிறம் இல்லை. அத்தனை காரத்தில் ஆண்டுக்கணக்காக முங்கிய கை வெடிக்காமல் என்ன செய்யும்?

இந்த இயந்திரத்தை வைத்திருப்பவர்களுக்கு நான் கண்ட இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். துவைத்ததும் அலசப் போகாதீர்கள். முதலில் ஒரு நிமிடம் பிழியுங்கள். துணியில் ஊறிய சோப்பு நீர் வெளியேறிவிடும்; பிறகு ஓர் அலசல் இரண்டு அலசலின் வேலையைச் செய்யும். மற்றொன்று, துவைத்த நீரை உடனே கொட்டாதீர்கள். வெள்ளைத் துணி முதலில், வண்ணத் துணி அடுத்து, வயலுக்கு உடுத்தியது கடைசியில். ஒரே நீர், ஒரே 40 கிராம். இடையில் ஒரு சிட்டிகை வேண்டுமானால் சேர்க்கலாம். முழுத் தானியங்கியில் இது முடியாது. அது ஒவ்வொரு முறையும் தன் நீரைத் தானே கொட்டிவிட்டுப் புதுநீர் கேட்கும். எங்கள் வீட்டு இருபது வாளி இப்போது பத்தாகியிருக்கிறது. மின்சாரத்தைப் பற்றி அஞ்சுவோருக்கு: 350 வாட் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான்.

இதெல்லாம் ஒரு வீட்டுக் கணக்கு. வீடுகள் சேர்ந்தால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டின் இறுதியில், மழைக்குப் பிறகு, சென்னை மெரினாவையும் பட்டினப்பாக்கத்தையும் ஒட்டிய கடலோரம் வெண்ணுரையால் மூடிக் கிடந்தது. சுத்திகரிக்காத கழிவுநீரில் வந்த சலவைப்பொருள் அலையில் அடிபட்டு நுரைத்தது. குழந்தைகள் அதில் புரண்டு விளையாடிய படங்கள் நாளிதழ்களில் வந்தன. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் இது ஓராண்டுச் செய்தி அன்று. தென்பெண்ணையில் மேலிருந்து கழிவுநீர் வரும்போதெல்லாம் மதகுக்குக் கீழே நுரை மலைபோல எழுந்து, தரைப்பாலத்தையே மறைத்திருக்கிறது. யமுனையின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே தொல்லை மேனாடுகளில் 1950-களில் இருந்தது. அப்போது பயன்பட்டது கிளைகள் நிறைந்த மூலக்கூறு. நுண்ணுயிர்களால் அதைச் சிதைக்க முடியவில்லை. ஆறுகளில் நுரை மிதந்தது. ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் 1965-இல் நேர்கொடி மூலக்கூறுக்கு மாறினர். நாம் பயன்படுத்துவதும் அந்தச் சிதையக்கூடிய வகையே. ஆனால் அது சிதைய உயிர்க்காற்று வேண்டும். ஆக்சிஜன் உள்ள நீரில், சுத்திகரிப்பு நிலையத்தில், அது நன்றாகச் சிதையும். காற்றற்ற சாக்கடையில் சிதையாது. நமது பழையாறு சுருளோட்டுப் பக்கம் தெளிந்து பிறந்து, நாகர்கோவிலின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. அந்த நீரில் நம் கைப்பிடித் தூளைச் சிதைக்க எவ்வளவு உயிர்க்காற்று மிச்சமிருக்கும்? மணக்குடிக் காயலில் வலை வீசுகிறவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஆற்று நீரின் நிறத்தைச் சொல்வார்கள்.

எந்த இயந்திரம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தவணை முறையில் முழுத் தானியங்கி வாங்குவது இன்று ஊருக்கு ஊர் பரவிவிட்டது. நகரத்தில், அழுத்தத்தோடு நீர் வரும் மாடி வீட்டில், இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் அதற்கு இடம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் குழாயில் நீர் நூலாக வரும் வீட்டில் அது பாதியில் நின்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் மூளையான மின்னணுப் பலகைக்குள் பல்லி புகுந்தாலோ எறும்பு கூடு கட்டினாலோ கதை முடிந்தது. நம் மாவட்டத்துக் கடற்காற்றின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலகையைப் பழுது பார்க்க ஆளில்லை, மாற்றத்தான் வேண்டும், அதன் விலை எங்கள் இயந்திரத்தின் விலையில் பாதிக்கு வரும். இரட்டைத் தொட்டியில் கெடுவது என்ன? கெபாசிட்டர், பெல்ட், திருகு கடிகாரம், பிரேக் கம்பி. மின்விசிறி பழுது பார்க்கும் எந்தக் கடைக்காரரும் திறந்து பார்ப்பார். உடல் பிளாஸ்டிக் என்பதால் துருவும் குறைவு. பொத்தானை அழுத்திவிட்டு அகன்றுவிட முடியாது, பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது குறைதான். ஆனால் நிற்பதற்கும், குனிந்து கல்லில் அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அடித்தவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நமது. துணி காயாமல் ஈரவாடை வீசும் மாதங்கள் பல. அந்தப் பிழியும் தொட்டி ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

இதைவிட எளிய இயந்திரமும் உண்டு. அது நம் தமிழ்நாட்டில் கருக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. நவ் சாஹ்னி என்ற பிரிட்டனைச் சேர்ந்த சீக்கியப் பொறியாளர், ஆரோவில் அருகே குயிலாப்பாளையத்தில் தங்கிப் பணியாற்றியபோது, பக்கத்து வீட்டுப் பெண் நாள்தோறும் துணியோடு படும் பாட்டைக் கண்டார். மின்சாரம் இல்லாமல் கையால் சுழற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்து தருவதாக வாக்களித்தார். பிறகு அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். அந்த இயந்திரத்துக்கு 'திவ்யா' என்று பெயர். அந்தப் பெண்ணின் பெயரே அது. ஈராக்கின் அகதி முகாம்களில் அது துணி துவைத்திருக்கிறது. விலையுயர்ந்த வாக்குவம் கிளீனர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் இதற்கு வந்தார் என்பதை நம் இயற்பியல் துறை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பெரிய கண்டுபிடிப்பு என்றால் விண்கலம் மட்டுமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மாணவியர் விடுதியில் அறுபது பேருக்கு எட்டுத் துவைகல். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர். சனிக்கிழமை காலை கல்லுக்கு இடம்பிடிக்க ஐந்து மணிக்கே வாளி வைக்கிறார்கள். இரட்டைத் தொட்டி இயந்திரம் ஒன்று பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி வருகிறது. இரண்டு இயந்திரங்கள் இருந்தால், ஆளுக்கு வாரம் ஒரு முறை என்று வைத்தாலும், நாளொன்றுக்கு ஓர் இயந்திரத்துக்கு நான்கு அல்லது ஐந்து முறைதான். தூளை விடுதியே மொத்தமாக வாங்கி, 40 கிராம் கோடு போட்ட ஒரு மூடியையும் பக்கத்தில் சங்கிலியில் கட்டித் தொங்கவிடலாம். நாற்பத்து மூன்று மாணவியர் கையெழுத்திட்ட மனுவைச் சென்ற பருவத்தில் கொடுத்திருக்கிறோம். வைக்க இடம் ஏது என்று கேட்டார்கள். பின்வாசல் வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்து, வடிகாலும் மின் இணைப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. உடைந்த பெஞ்சுகள் ஆறு அங்கே அடுக்கிக் கிடக்கின்றன, அவற்றை எடுத்தால் போதும்.